நூற்று நாற்பத்து மூன்றாவது கல்வெட்டு

தேவராஜா அண்ணையின் வாழ்க்கையை யாராவது எழுதுவதென்றால் அவரேதான் எழுதவேண்டும். மெல்பேர்னின் கிழக்குப் பக்கத்தில் இறந்துபோன எங்கள் ஆட்களில் பாதிப்பேருடைய வாழ்க்கையை எழுதியவர் அவர். ஆனால் அவரிடம் விட்டால் "பண்பின் சிகரம், பாசத்தின் உறைவிடம்" என்று தொடங்கிவிடுவார். அதனால் நான் எழுதுகிறேன். அவர் பண்பின் சிகரமெல்லாம் இல்லை. சரியான பிடிவாதக்காரர். அந்தப் பிடிவாதத்தால் ஐந்து நாள் நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

எங்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுப்போம். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். முன்னட்டையில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, இறந்தவர் யாருக்கு என்ன முறை என்ற பட்டியல், கடைசியில் நன்றி. எங்கள் ரோவில் பகுதியில் இருபத்திரண்டு வருடமாக இதைத் தட்டெழுதிக் கொடுப்பவர் தேவராஜா அண்ணை. ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், தமிழ்த் தட்டெழுத்தாளராக இருந்தவர். இங்கே வந்தபின் டண்டினோங்கில் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடம் நின்ற நிலையில் வேலை செய்தார். வேலை முடிந்து வந்து செத்தவர்களுக்குத் தட்டெழுதினார். ஒரு சதம் வாங்கமாட்டார். பருப்புவடை கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்குவார். அவருடைய மனைவியின் கல்வெட்டு அறுபத்தோராவது. அவர் செய்ததில் எழுத்துப்பிழை உள்ள ஒரே புத்தகம் அதுதான். அதைப் பற்றி யாரும் அவரிடம் கதைப்பதில்லை.

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. அச்சுக்குப் போகுமுன் யாருக்கும் பக்கங்களைக் காட்டமாட்டார். முன்பொருமுறை காட்டப்போய், பட்டியலில் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்று அண்ணனும் தம்பியும் அவருடைய வரவேற்பறையிலேயே கைகலந்திருக்கிறார்கள். ஒரு கதிரைக்குக் கால் போய்விட்டது. அன்றைக்குப் போட்ட சட்டம் அது.

இனி என் கதை. என் அண்ணன் கேதீஸ்வரனும் நானும் ஆறு வருடம் பேசவில்லை. என் மகள் தர்சினி, பாலா என்ற தமிழ்நாட்டுத் திருநெல்வேலிப் பிள்ளையை விரும்பினாள். "உலகத்தில வேற பெடியன் கிடைக்கேல்லையோ" என்றார் அண்ணன். கல்யாணத்துக்கு வரவில்லை. "இனி உங்கட வாசல்படி மிதிக்கமாட்டன்" என்றேன் நான். இரண்டு வீட்டுக்கும் இடையில் காரில் பன்னிரண்டு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை ஆறு வருடம் நான் ஓட்டவில்லை. அவருக்குப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டு ஒருநாள் போனேன். அண்ணி கதவைப் பாதி திறந்து, "நித்திரை கொள்ளுறார்" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

ஓகஸ்ட் மாதத்தில் அண்ணன் தேவராஜா அண்ணையைக் கூப்பிட்டிருக்கிறார். தன்னுடைய கல்வெட்டைத் தானே சொல்லி எழுதுவிக்க. நாலு சனிக்கிழமை, அண்ணியைக் குசினிக்கு அனுப்பிவிட்டு, அவர் சொல்ல இவர் லப்டொப்பில் அடித்திருக்கிறார். இறந்த திகதி மட்டும்தான் பாக்கி. இது ரோவிலில் எல்லாருக்கும் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

நவம்பரில் அண்ணன் போய்விட்டார். அண்ணி இணையத்தில் போட்ட மரண அறிவித்தலில் என் பெயர் இல்லை. கனடாவில் இருக்கும் ஒன்றுவிட்ட சித்தப்பாவின் பெயர்கூட இருந்தது. "என்ன கௌரி, உம்மட பேரைக் காணேல்லை" என்று லண்டனிலிருந்தும் ஃபோன் வந்தது. செத்தவீட்டில் பின்வரிசையில் நின்றேன். அப்போதிருந்து எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அண்ணன் தன் வாயால் சொன்ன பட்டியலில் நான் இருக்கிறேனா, இல்லையா. அண்ணி விட்டால் விடட்டும். அண்ணனும் விட்டாரா என்று எனக்குத் தெரியவேண்டும்.

இதற்குள் லப்டொப் எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். ஒக்டோபரில், தேவராஜா அண்ணையின் பழைய லப்டொப்பில், அதை இயக்கும் மென்பொருளைச் செய்த கம்பெனியின் அறிவித்தல் ஒன்று வரத்தொடங்கியது. இனிப் பாதுகாப்புக்கு ஒன்றும் அனுப்பமாட்டோம், புதியதைப் போடு, ஆனால் உன் மெஷின் புதியதைத் தாங்காது. இப்படி ஒரு செய்தி. அவர் அதைப் பென்ஷன் நிறுத்திய கடிதத்தைப்போல என்னிடம் காட்டினார். நான்தான் பெருமையாக, "எங்கட மருமகன் கொம்பியூட்டர் ஆள்தானே, வரச்சொல்லுறன்" என்றேன். என் வாயை அன்றைக்கு யாராவது பொத்தியிருக்கலாம்.

பாலா ஒரு சனிக்கிழமை பொயிண்ட் குக்கிலிருந்து நகரத்தைக் குறுக்கறுத்து வந்தார். பழைய கோப்புகளையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, அந்தக் கம்பெனியின் மென்பொருளுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற ஒன்றைப் போட்டார். திரை அழகாகத்தான் இருந்தது. கீழே பச்சையாக ஒரு பட்டன்.

"இது ஃப்ரீ அங்கிள். ஒரு கம்பெனிக்குச் சொந்தம்னு கிடையாது. உலகம் பூரா ஆளுங்க சேர்ந்து எழுதுறாங்க. யார் வேணா எடுத்துக்கலாம், பிடிக்கலேன்னா மாத்திக்கூட எழுதிக்கலாம்" என்றார் பாலா.

"அப்ப ஒரு பிழை வந்தால் ஆரைக் கேக்கிறது, தம்பி?"

"யார வேணாலும் கேக்கலாம்."

"ஆரையெண்டாலும் கேக்கலாமெண்டால், ஒருத்தரும் பொறுப்பில்லை எண்டுதானே அர்த்தம்" என்றார் தேவராஜா அண்ணை. கொஞ்சம் யோசித்தார். "இவையளுக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது?"

"நிறைய பேர் சும்மாதான் செய்றாங்க, அங்கிள்."

அவர் என்னைப் பார்த்தார். என் மருமகன் எதையோ மறைக்கிறார் என்று நினைத்திருக்கவேண்டும். "சும்மா ஒருத்தன் ஏன் செய்யோணும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்கள் ஏன் செய்யிறியள்?"

"அது வேற" என்றார். என்ன வேறு என்று சொல்லவில்லை.

பிறகு மூன்று கிழமை எங்கள் பக்கத்தில் யாரும் சாகவில்லை. அவரும் பழைய கோப்பு எதையும் திறக்கவில்லை. அண்ணன் இறந்த பின்னும், எல்லாம் முடிந்துதானே இருக்கிறது, திகதி ஒன்றுதானே என்று இருந்துவிட்டார். அந்தியேட்டிக்கு எட்டு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை காலை எனக்கு ஃபோன் எடுத்தார்.

"கௌரி, ஒருக்கா வாரும். கொண்ணர் இங்கிலிசா மாறிப்போனார்."

கொண்ணர் என்றால் உன் அண்ணன்; அண்ணனின் கல்வெட்டைத்தான் சொன்னார். போய்ப் பார்த்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்து. ஆனால் ஆங்கிலம் இல்லை. rptkak; என்று முதல் வரி. அதன் கீழே அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாகப் பதினாறு பக்கம். அண்ணன் நாலு சனிக்கிழமை சொன்னதெல்லாம் அதற்குள் இருந்தது. ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை. ஒரு யுஎஸ்பியில் தனியாக எடுத்து வைத்திருந்த பிரதியைப் போட்டுப் பார்த்தார். அதுவும் அப்படியே. "அதுக்கும் தொத்திப்போச்சு" என்றார்.

பாலா அப்போது வேலை விஷயமாகச் சிட்னியில். ஃபோனில் படம் அனுப்பினேன். நெடுநேரம் பதில் இல்லை. பிறகு எடுத்தார்.

"அத்தை, நான் காப்பி பண்றப்ப ஏதோ ஆயிருக்கு போல. எனக்குத் தெரியல. தயவுசெஞ்சு எதையும் தொடாதீங்க. புதன்கிழமை நேரா அங்கதான் வர்றேன். அதுக்குள்ள அந்த ஃபோரத்துல கேட்டு வைக்கச் சொல்லுங்க."

அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. அண்ணன் ஏற்றுக்கொள்ளாத மருமகன். அந்த மருமகன் கைபட்டு அண்ணனின் கடைசிப் பேச்சும் போய்விட்டது என்று அண்ணிக்குத் தெரிந்தால், பிறகு நான் ரோவிலில் தலைகாட்ட முடியுமா? மருமகன் மேல் கோபம் வந்தது, யாரோ சும்மா எழுதிய அந்த லினக்ஸ் மேல் கோபம் வந்தது, அதற்குச் சொந்தக்காரன் என்று ஒருவன் இல்லாததால் அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் இறக்க ஓர் இடமில்லாமல் இருந்தது.

"நீங்கள்தானே அடிச்சனீங்கள். ஞாபகத்தில இருந்து திருப்பி அடியுங்கோவன்" என்றேன் தேவராஜா அண்ணையிடம்.

"அடிக்கலாம். கொண்ணி நம்புவாவோ? கௌரி சொல்லித்தந்ததை எழுதினவர் எண்டு சொல்லுவா. கேதீஸ் சொல்ல நான் அடிச்சது, ஓகஸ்ட் திகதியோட இதிலதான் கிடக்கு."

"சரி, என்ர பேர் கிடக்கோ இல்லையோ? அதையாவது சொல்லுங்கோ."

"அச்சுக்குப் போக முந்திச் சொல்லுறேல்லை."

அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே என் முன்னால் இருந்து பிளேன் ரீ குடித்தார். அவருடைய முகத்தைப் பார்த்து ஏதாவது பிடிக்கலாமா என்று பார்த்தேன். கல்வெட்டு மாதிரி இருந்தது முகம்.

ஃபோரம் என்பது அந்த லினக்ஸ்காரர்கள் கூடும் இணையப் பக்கம். கேள்வி கேட்டால் உலகத்தில் யாராவது பதில் சொல்வார்களாம். தேவராஜா அண்ணை அரைநாள் செலவழித்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மணி, நான் எழுபத்தொரு வயதுடைய ஓய்வூதியர், என்று தொடங்கி, வீட்டு முகவரி, ஃபோன் நம்பர், தொழிற்சாலையில் செய்த வேலை எல்லாம் எழுதி, தங்கள் உண்மையுள்ள என்று முடித்திருந்தார். கோப்பு கெட்டுப்போன விஷயம் நாலாவது பந்தியில் வந்தது.

ஆறு நிமிடத்தில் பதில் வந்தது. ஒருவர் வரவேற்றார். ஒருவர், பாதுகாப்புக்காக உங்கள் முகவரியையும் நம்பரையும் எடுத்துவிட்டோம் என்றார். மூன்றாமவர் பெயருக்குப் பதிலாக ஒரு பறவையின் படம் வைத்திருந்தார். பின்லாந்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவராம். அந்த ஆவணம் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று கேட்டார்.

"எழுத்துரு எண்டால் என்ன கேக்கிறார்? தமிழில எண்டு எழுதட்டோ?" என்றார் தேவராஜா அண்ணை.

எழுதினார். பின்லாந்துக்காரர் மறுபடி கேட்டார். தமிழ் என்பது மொழி, எழுத்துருவின் பெயர் என்ன? இவர் மறுபடி, மிகத் தெளிவாக, தமிழ் என்று பெரிய எழுத்தில் எழுதினார். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் விளங்கவில்லை. எங்களைக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள் என்றே பட்டது.

திங்கட்கிழமை அண்ணி அவருக்கு ஃபோன் எடுத்தார். அச்சகத்துக்கு வியாழன் மதியம் கொடுக்கவேண்டும். "உங்களிட்ட இருக்கிறது வராட்டி, நோட்டீசில போட்டதையே கல்வெட்டிலயும் போடச் சொல்லுறன்" என்றாராம். நோட்டீசில் போட்டது என்றால் நான் இல்லாத பட்டியல். அது அச்சாகி ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பேர் கையில் போகும். அண்ணனுக்குத் தங்கச்சியே இல்லை என்று ஆகிவிடும்.

அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. தேவராஜா அண்ணையும் சமைக்கவில்லை. ஒன்றாவது தப்பியிருக்குமா என்று பழைய கல்வெட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். நூற்று நாற்பத்திரண்டும் ஆங்கிலக் குப்பையாகக் கிடந்தன. அறுபத்தோராவதைத் திறந்தபோது கையை எடுத்துவிட்டு எழுந்து வெளியே போனார். மனைவியும் போய்விட்டாள் என்று நினைத்திருப்பார்.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது அவர் லப்டொப்பைத் திறக்காமல் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"கௌரி, எல்லாத்திலயும் முதல் வரி ஒண்டுதான்."

"என்ன?"

"நூத்தி நாப்பத்திமூண்டிலயும் முதல் வரி ஒண்டுதான். கெட்டுப்போறது எல்லாம் ஒரேமாதிரியே கெடும்?"

லப்டொப்பைத் திறந்து, வெறும் பக்கம் ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். கச்சேரியில் பழகிய விரல். திரையில் rptkak; என்று விழுந்தது.

"நான் இப்ப அடிச்சது சிவமயம்" என்றார்.

எல்லாக் கல்வெட்டும் சிவமயம் என்றுதான் தொடங்கும். நூற்று நாற்பத்து மூன்று தடவை அதே கீகளை அதே ஒழுங்கில் அவர் அடித்திருக்கிறார். ஒன்றும் அழியவில்லை. அவர் அடித்தது அடித்தபடியே இருக்கிறது. அது ஏன் தமிழாகத் தெரியவில்லை என்பதுதான் இன்னும் எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. அண்ணனின் கோப்பைத் திறந்தார்; மேலே ஒரு சின்னப் பெட்டிக்குள் ஏதோ பெயர் சாய்வாகக் கிடந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பாமினி.

"இது பாமினியெல்லோ" என்றார். "இதையோ அந்த மனுசன் கேட்டவர்?"

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் கடைக்காரன் ஒருவன் அவருடைய முதல் கொம்பியூட்டரில் பாமினி என்ற எழுத்துருவைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். பிறகு எந்த மெஷின் மாற்றினாலும் யாராவது அதையும் சேர்த்து மாற்றியிருக்கிறார்கள். அவரோ பாமினி என்பது கொம்பியூட்டரோடு கூடப் பிறந்தது, தமிழ் என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ரோவிலில் அப்படி நினைத்தவர் அவர் மட்டும் இல்லை. ஃபோனில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் எழுதிப் பழகிய திருநெல்வேலிப் பிள்ளைக்குப் பாமினி என்று ஒன்று இருப்பதே தெரியாது.

பின்லாந்துக்காரருக்கு எழுதினார். உடனே பதில் வந்தது. உங்கள் எழுத்து முழுதும் பத்திரமாக இருக்கிறது, அதைத் தமிழாகக் காட்டும் எழுத்துரு மட்டும் புதிய இடத்தில் இல்லை, அதைக் கொண்டுவந்து போடுங்கள், இப்படிச் செய்யுங்கள் என்று மூன்று வரி. கடைசியில், உங்கள் நண்பரின் மறைவுக்கு வருந்துகிறேன் என்று இருந்தது. தேவராஜா அண்ணை அந்தக் கடைசி வரியைத்தான் நெடுநேரம் பார்த்தார்.

"இந்த மனுசனுக்கு நாங்கள் ஆர்?" என்றார். பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை.

"அப்ப உங்களுக்கு விரலால வாசிக்கத் தெரியுது. பட்டியலை வாசியுங்கோ" என்றேன்.

லப்டொப்பை மூடிவிட்டார். "இனி இதில நான் கை வைக்கமாட்டன். அந்தப் பிள்ளை வரட்டும்."

புதன்கிழமை பின்னேரம் பாலா விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினார். சிட்னியில் சரியாகச் சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "சாரி அங்கிள், சாரி அத்தை" என்றுகொண்டே இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பெட்டியைக் கீழே வைத்தார். "வெறும் ஃபான்ட்டா? நாலு நாளா நான் தூங்கவே இல்ல" என்றார். பாமினியைத் தேடி இறக்கினார். இரண்டு தட்டு. கோப்பை மூடித் திறந்தார்.

திரையில் தமிழ் வந்து நின்றது. சிவமயம். அதன் கீழே அண்ணனின் பெயர்.

தேவராஜா அண்ணை வழக்கம்போல என்னை அந்தப் பக்கம் போகச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, எழுத்தெல்லாம் ஒழுங்கா வந்திருக்கோ எண்டு பாக்கோணும். எனக்குக் கண் சரியில்லை. ஒரு பக்கம் சத்தமா வாசியுங்கோ. பதினோராம் பக்கம்."

முதலாம் பக்கத்தை வாசிக்கச் சொல்லியிருக்கலாம். மூன்றாம் பக்கத்தைச் சொல்லியிருக்கலாம். அவர் பதினோராம் பக்கம் என்றார். என்னைப் பார்க்கவில்லை.

பாலா தன் ஊர் உச்சரிப்பில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாசித்தார். தகப்பன் தாய் பெயர். அண்ணி பெயர். பிள்ளைகள் பெயர். "காலஞ்சென்ற பரமேஸ்வரி மற்றும் சிவகௌரி ஆகியோரின் பாசமிகு சகோதரனும்" என்று வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தலையாட்டினேன், மேலே வாசிக்கச் சொல்லி.

"தர்சினி, பாலா ஆகியோரின் அன்பு மாமாவும்…"

நிறுத்தினார். மறுபடி மனதுக்குள் வாசித்தார். திரும்பிக் கேட்டார், "இது யாரு அங்கிள், இந்த பாலா?"

"எங்களிட்ட வேற பாலா இல்லை, தம்பி" என்றார் தேவராஜா அண்ணை.

பாலா திரையைப் பார்த்தபடியே இருந்தார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். அண்ணன் மேல் அப்படியொரு கோபம். இதை ஓகஸ்டில் சொல்லியிருக்கிறார். நவம்பர்வரை உயிரோடு இருந்திருக்கிறார். ஒரு ஃபோன் எடுத்திருக்கலாம். நானும் பாதி திறந்த அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

தேவராஜா அண்ணை இறந்த திகதியை அடித்தார். ஒரு விரலால், மெல்ல. பிறகு அச்சகத்துக்கு அனுப்பப் போனார்.

"பொறுங்கோ" என்றேன். "பாலா, அந்தப் பக்கத்தை இன்னொருக்கா வாசியும். பிழை கிடக்கோ எண்டு பாப்பம்."

பாலா வாசித்தார். பிழை ஒன்றும் இல்லை. மறுபடியும் வாசிக்கச் சொன்னேன்.